மூளைக் கட்டி அறுவைக்கு முன் எடுத்த முப்பரிமாணப் படங்கள்: எங்கள் குடும்ப அனுபவம்

பெங்களூர் அல்சூரிலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்கு மூளையின் இடப்பக்க முன்மடலில் கிளையோமா கட்டி, அதாவது நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் செல்களிலிருந்து வளரும் கட்டி. பேச்சை ஆளும் பகுதி அதை ஒட்டியே இருக்கிறது என்று சொன்னதும் வீடே இடிந்துபோயிற்று.

கட்டி எங்கே என்று காட்ட எம்.ஆர்.ஐ. போதும். பேச்சு எங்கே என்று அறிய ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையில் வேலை நடக்கும் இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்வதை அது பதிவுசெய்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990இல் காட்டிய வழி. வீட்டில் எந்த மொழி என்று மருத்துவர் கேட்டார். தமிழ் என்றதும், பூக்களின் பெயர்களை வாயசைக்காமல் தமிழில் நினைக்கச் சொன்னார். அலுவலகத்தில் கன்னடம் பேசுகிறாள் என்பதால் கன்னடத்திலும் ஒருமுறை. எந்தெந்த மொழி பேசுவீர்கள் என்று உங்களிடம் யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நரம்பிழைகள் வழியே நீர் நகரும் திசையைக் கொண்டு வரைந்த படம்தான் எங்களுக்குக் கண்ணைத் திறந்தது. முன்பின்னாக ஓடும் இழைகள் பச்சை, மேல்கீழாக ஓடுபவை நீலம், இடவலமாகச் செல்பவை சிவப்பு. மருத்துவர் திரையில் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கட்டியின் பின்விளிம்பில் பச்சை இழைகள் உரசிக்கொண்டு நின்றன.

"முழுவதையும் எடுத்துவிடக் கூடாதா, டாக்டர்?" என்றார் அப்பா.

"இந்த இழைகள் அறுந்தால் பேச்சு தடுமாறும், ஐயா. அந்த ஓரத்தில் கொஞ்சம் விட்டுவிடுவதுதான் நல்லது."

அப்பா மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார். வெறும் வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் அவர் இசைந்திருக்க மாட்டார்.

விவேக் நகரிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, படத்தை மட்டும் நம்பி அறுவை நடப்பதில்லை என்பதையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மண்டையோட்டைத் திறந்து மூளையுறையை வெட்டியதும் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீர் வடிகிறது, மூளை சற்றே அமிழ்கிறது. முன்பே எடுத்த படத்தை வைத்து வழிகாட்டும் கருவி அப்போது சில மில்லிமீட்டர், சில நேரம் அதற்கும் மேல் பிசகும். அதனால்தான் என் கணவரை விழிக்க வைத்தே அறுவை செய்தார்கள். மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டபடி படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். அவர் தமிழில் சொன்ன பதில் சரியா என்று பார்க்கத் தமிழ் தெரிந்த செவிலியர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். "குடை" என்று சொல்ல வாய் வராமல் திணறிய இடத்தை அப்படியே விட்டுவிட்டார்களாம்.

அச்சிட்ட படங்களோடு அவை பதிந்த சி.டி. வட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கேனை ஒப்பிட அது வேண்டும்.