வாங்காமல் வருபவருக்கும் கோப்பிக்கடை மலசலகூடத்தைத் திறந்துவிட வேண்டுமா?

வினா: யாழ்ப்பாணப் பயணி

யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் பேருந்தில் கொழும்புக்கு வரும் நம்மவர்களில் பெரும்பாலானோர் விடிவதற்கு முன்பே வெள்ளவத்தையில் இறங்கிவிடுகிறார்கள். வைத்தியசாலைக்கோ, தூதரகத்துக்கோ, கடவுச்சீட்டு அலுவலாகப் பத்தரமுல்லைக்கோ போக வேண்டியவர்கள், அலுவலகக் கதவு திறக்கும் வரை சில மணி நேரத்தைத் தெருவிலேயே கழிக்க வேண்டியிருக்கிறது. கொழும்பில் உறவினர் வீடு உள்ளவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்களுக்கு ஒரு சாப்பாட்டுக்கடையோ கோப்பிக்கடையோதான் துணை.

கடந்த மாதம் என் தந்தையாரை விசேட வைத்தியர் ஒருவரிடம் காட்டுவதற்காக அழைத்து வந்திருந்தேன். நீரிழிவும் புரோஸ்டேட் வீக்கமும் உள்ளவர். சிறுநீர் வந்துவிட்டால் அவரால் அடக்கிக்கொண்டிருக்க இயலாது. காலி வீதியில் நவீனமான ஒரு கோப்பிக்கடைக்குள் நுழைந்தோம். அங்கே மலசலகூடக் கதவில் எண்பூட்டுப் போட்டிருந்தார்கள். பூட்டைத் திறக்கும் எண் பற்றுச்சீட்டின் அடியில் அச்சாகி வருமாம். நாங்கள் வாங்கத்தான் போகிறோம், முதலில் எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் எண் தருவதற்கு அனுமதி இல்லை என்று கருமபீடத்தில் நின்ற பிள்ளை தயங்கியபடி சொன்னாள். கடைசியில் பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் எதுவும் கேட்காமல் தமது பின்கட்டைத் திறந்துவிட்டார்.

அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குச் சொல்லப்பட்ட விதியை அவள் கடைப்பிடித்தாள். அந்த விதி சரியா என்பதே என் கேள்வி. பணம் கொடுக்காதவர் கடையில் உட்கார்ந்திருக்கவும், மலசலகூடத்தைப் பயன்படுத்தவும் கடைக்காரர் இடம் கொடுக்க வேண்டுமா? கடை நடத்துபவர்களும் இங்கே இருப்பதால் அவர்களின் பக்கத்தையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: பம்பலப்பிட்டிக் கடைக்காரர்

தங்கள் தந்தையாருக்கு நேர்ந்தது எந்த முதியவருக்கும் நேரக்கூடாதது. பம்பலப்பிட்டியில் சிறிய கோப்பிக்கடை ஒன்றை நடத்துபவன் என்ற முறையில், உள்ளே நடப்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மலசலகூடம். நம் நாட்டில் தண்ணீர்தான் பயன்படுத்துகிறோம் என்பதால், ஒருவர் வெளியே வந்ததும் தரை நனைந்திருக்கும். அடுத்து வருபவர் வழுக்கி விழாதிருக்க உடனே துடைத்தாக வேண்டும். பகலில் அதற்கென்று ஓர் அம்மா இருக்கிறார். அவர் வீடு போன பிறகு, கோப்பி போடும் பையனிடம் துடைப்பத்தைக் கொடுக்க முடியாது. உணவைத் தொடும் கை அந்த வேலையைத் தொடுவதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. எனவே மாலைக்கு இன்னொருவரை வைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு மின்கட்டணமும் நீர்க்கட்டணமும் உயர்ந்தன. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக்கப்பட்டது. வாடகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பற்றுச்சீட்டில் நாங்கள் சேர்க்கும் 10 வீதச் சேவைக் கட்டணம் பணியாளர்களுக்குப் போவது; அதிலிருந்து சவர்க்காரமும் கடதாசியும் வாங்கமாட்டோம்.

இருந்தபோதிலும், கழிப்பறைக்கு என்று கேட்டு வந்த எவரையும் எங்கள் கடையில் திருப்பி அனுப்புவதில்லை. உட்காரும் இடம் என்பது வேறு விடயம். எங்களிடம் எட்டு மேசைகள் இருக்கின்றன. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் நான்கு மாணவர்கள் ஒரு தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை படிப்பார்கள். பகலில் அதை மகிழ்ச்சியோடு விட்டுவிடுகிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் மேசையைக் கேட்டு வாங்கிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைய வருமானத்தின் பெரும்பகுதி அதற்கடுத்த மூன்று மணி நேரத்தில்தான் வருகிறது.

இந்த இரண்டையும் ஒரே விதிக்குள் அடைப்பதால்தான் சிக்கல் வருகிறது என்பது என் கருத்து. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் கோப்பிக்கடையொன்றில் ஒருவரைச் சந்திப்பதற்காகக் காத்திருந்த கறுப்பினத்தவர் இருவர், எதுவும் வாங்கவில்லை என்பதற்காகப் பொலிஸாரால் விலங்கிட்டு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கழிப்பறையைக் கேட்டு மறுக்கப்பட்டிருந்தார். நாடெங்கும் எழுந்த கண்டனத்தைத் தொடர்ந்து, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எவரும் வந்து அமரலாம், கழிப்பறையையும் பயன்படுத்தலாம் என்று அந்நிறுவனம் மே மாதத்தில் அறிவித்தது. அதே மாதம் 29ஆம் திகதி பிற்பகலில் ஏறத்தாழ 8,000 கடைகளை மூடிப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் அளித்தது. 2025 ஜனவரியில் அந்தக் கொள்கையை மாற்றி, கடையின் இடங்கள் வாங்குபவர்களுக்கே என்றார்கள். இருக்கையையும் கழிப்பறையையும் சேர்த்தே கொடுத்தவர்கள், எடுக்கும்போதும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். இருக்கைக்கு ஒரு விதியும் அவசரத்துக்கு வேறொரு விதியும் வைத்திருந்தால், பின்வாங்கும்போது முதியவர்களையும் சேர்த்து வெளியே விட வேண்டி வந்திருக்காது.

மறுமொழி: விற்பனைப் பிரதிநிதி, புறக்கோட்டை

கடைக்கார ஐயா நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறார். ஆனால் "கேட்டால் கொடுப்போம்" என்பது பெண்களுக்குப் போதாது என்பதை அவர் புரிந்துகொள்ள வேண்டும்.

என் வேலை முழுவதும் தெருவில்தான்: பிரதான வீதி, குறுக்குத் தெருக்கள், செட்டியார் தெரு, பிற்பகலில் கொட்டாஞ்சேனை. என்னைப் போல் அலையும் பெண்கள் பலர் காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போதே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கொழும்பு வெயிலில் அதன் விளைவு சிறுநீர்த் தொற்றாக வருகிறது. வைத்தியர் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்கிறார். குடித்துவிட்டு எங்கே போவது என்பதை அவர் சொல்வதில்லை. மாதவிடாய் நாட்களில் நிலைமை இன்னும் கடினம். ஆண்கள் நிறைந்து நிற்கும் கருமபீடத்தின் முன், நமக்குச் சரளமாக வராத சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, ஏன் அவசரம் என்று விளக்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு கூச்சமானது என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. "வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்ற பலகை எல்லோருக்கும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. நல்ல சப்பாத்தும் ஆங்கிலமும் உள்ளவர் நேராக உள்ளே போய்விட்டு நேராக வெளியே வருகிறார். எவரும் எதையும் கேட்பதில்லை. சாரம் கட்டிய முதியவரையும், முச்சக்கரவண்டிச் சாரதியையும், பூப்போட்ட சீத்தைச் சேலை உடுத்த மலையகத்து அம்மாவையும்தான் "என்ன வேண்டும்?" என்று மறிக்கிறார்கள். பிலடெல்பியாவில் நடந்ததும் இதுதானே. நிறத்தின் இடத்தில் இங்கே உடையும் மொழியும் வந்து நிற்கின்றன. அந்தக் கடையின் உணவையே வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் வாசலில் அரைமணி நேரம் காத்து நிற்கிறார்கள். அவர்களைக்கூட உள்ளே விடாத கடைகளை நான் பார்த்திருக்கிறேன். கடைக்கு உழைப்பவன் வாடிக்கையாளன் இல்லை என்பதற்காக அவனுக்குக் கழிப்பறை இல்லை என்பது என்ன நியாயம்?

ஆகவே பணியாளரின் முகத்தாட்சண்யத்துக்கு விட்டுவிடாமல், வருபவர் எவரும் பயன்படுத்தலாம் என்று வாசலிலேயே எழுதிப் போடுங்கள். திறந்துவிடுகிறவர்கள் இன்னும் இரண்டு காரியங்களைச் செய்தால் புண்ணியமாகப் போகும். கதவின் உட்பக்கத்தில் ஒரு கொளுக்கி வையுங்கள். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஈரத்தரையில் சேலையைத் தூக்கிப் பிடித்து நிற்பது பெரும்பாடு. மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்றும் வேண்டும். இரண்டுக்கும் அதிகச் செலவில்லை.

மறுமொழி: கொட்டாஞ்சேனைவாசி

மேலே எழுதியவர்களின் இரக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் நகர மக்களுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுப்பது மாநகர சபையின் கடமை. சபை செய்யாததைச் சிறிய முதலாளிகளின் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்பூட்டுப் போடுபவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். எங்கள் பகுதியில் ஒரு கடைக்காரர் பல காலம் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தார். உள்ளே போதைப்பொருள் பாவித்துவிட்டு ஊசியைப் போட்டுவிட்டுப் போன நாளுக்குப் பிறகுதான் பூட்டினார். அங்கே வேலை செய்த பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அவர்தானே பொறுப்பு?

மறுமொழி: நகரத் திட்டமிடல் மாணவர்

கொட்டாஞ்சேனை அண்ணா சொல்வது பாதி சரி. கடமை சபையுடையதுதான். ஆனால் அந்தக் கடமையைச் செய்வதற்குச் சபையே ஒவ்வொரு சந்தியிலும் கட்டடம் எழுப்ப வேண்டும் என்றில்லை. இருக்கின்ற கழிப்பறைகளைப் பொதுமக்களுக்குத் திறக்கச் செய்து, அதற்கான செலவைச் சபை ஏற்கலாம்.

ஜெர்மனியின் ஆலன் என்ற நகரம் இதைச் செய்து காட்டியது. "நெட்டே டொய்லெட்டே" (நல்ல கழிப்பறை) என்ற பெயரில், உணவகங்களும் கடைகளும் தங்கள் கழிப்பறையை எவரும் இலவசமாகப் பயன்படுத்த இடமளிக்கின்றன. வாசலில் ஓர் ஒட்டுச்சின்னம் இருக்கும். துப்புரவுச் செலவுக்காக நகரசபை அவற்றுக்கு மாதந்தோறும் ஒரு தொகை வழங்குகிறது. புதிய பொதுக் கழிப்பறை கட்டிப் பராமரிப்பதைவிட இது சபைக்கு மிகவும் மலிவு என்பதால் நூற்றுக்கணக்கான ஊர்கள் அதைப் பின்பற்றின. லண்டனின் ரிச்மண்ட் பகுதியிலும் இத்தகைய திட்டம் உண்டு. அயலில் தெற்கு டில்லி மாநகராட்சி வேறு வழியில் போனது: 2017 ஏப்ரலிலிருந்து உணவகங்களும் விடுதிகளும் தங்கள் கழிப்பறையைப் பொதுமக்களுக்குத் திறக்க வேண்டும், விரும்பினால் ஐந்து இந்திய ரூபாய் வரை அறவிடலாம் என்று உத்தரவிட்டது. எனக்கு ஆலன் முறையே பிடித்திருக்கிறது. கடைக்காரர் விரும்பிச் சேர்கிறார், அவருக்கு ஈடும் கிடைக்கிறது. கட்டாயப்படுத்தித் திறக்க வைத்த கதவுக்குப் பின்னால் சவர்க்காரமும் தண்ணீரும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதலில் கேள்வி கேட்டவரின் தந்தையைப் போன்றவர்களுக்கு இன்னொரு முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலம் 2005இல் இயற்றிய சட்டத்தின்படி, குடல் நோய் போன்ற மருத்துவக் காரணம் உள்ளவர் கேட்டால், பொதுக் கழிப்பறை இல்லாத சில்லறைக் கடைகளும் தங்கள் பணியாளர் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும். குரோன் என்ற குடல் நோய் உள்ள பதின்ம வயதுப் பெண்ணொருத்திக்குக் கடையொன்று அதை மறுத்ததிலிருந்து அந்தச் சட்டம் பிறந்தது. பின்னர் வேறு பல மாநிலங்களும் அதுபோன்ற சட்டங்களை இயற்றின.

கொழும்பில் இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படாது. உணவகங்களுக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் வழங்குவதும், பரிசோதகரை அனுப்புவதும், கட்டடங்களுக்குச் சோலைவரி அறவிடுவதும் ஏற்கெனவே மாநகர சபைதான். தன் கழிப்பறையைத் திறந்துவிடும் கடைக்குச் சோலைவரியில் ஒரு பகுதியைக் கழித்துவிடலாம். கட்டடம் வாடகைக்கு எடுக்கப்பட்டதென்றால் அனுமதிக் கட்டணத்தில் கழிக்கலாம். சேரும் கடைகளில் ஒரு பங்காவது சக்கர நாற்காலி நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இல் வெளிவந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களிடம் கேட்பது அதைத்தான், ஆனால் காலி வீதியில் பல கடைகளின் வாசற்படியே அவற்றை மீறி நிற்கிறது.

ஊசி பற்றிய அச்சம் நியாயமானது. அதற்கும் எண்பூட்டுத் தீர்வாகாது, ஏனெனில் ஒரு தேநீருக்குப் பணம் கொடுத்தவர் எவரும் அதே எண்ணைப் பெறுகிறார். கதவு கருமபீடத்தின் பார்வையில் இருப்பதும், பணியாளர் அடிக்கடி துடைக்கப் போய்வருவதும்தான் பாதுகாப்பு. அந்தப் பணியாளரின் சம்பளத்தில் சபை பங்கேற்றால் இரண்டும் நடக்கும்.

மறுமொழி: பம்பலப்பிட்டிக் கடைக்காரர்

தம்பி சொல்லும் வரிக்கழிவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் நான் சேருவேன். மாலைக்கு ஒருவரை வைப்பதற்கு அது ஓரளவாவது கைகொடுக்கும். மேலே தங்கை எழுதியதை வாசித்துவிட்டு, எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற பலகையை மூன்று மொழிகளிலும் எழுதக் கொடுத்திருக்கிறேன். கொளுக்கி இன்று மாட்டியாயிற்று.

மறுமொழி: யாழ்ப்பாணப் பயணி

எல்லோருக்கும் நன்றி. உட்காரும் இடம் கடைக்காரரின் உரிமை, அவசரத்துக்கு ஒதுங்குவது வருபவரின் தேவை என்று இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எனக்கும் சரியாகப் படுகிறது. மேசை கிடைக்காததைப் பற்றி நானும் அப்பாவும் முறைப்பட்டிருக்கமாட்டோம்.

வரிக்கழிவைப் பற்றி மாநகர சபைக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதலாம் என்று நினைக்கிறேன். வெள்ளவத்தையில் பேருந்துகள் வந்து நிற்கும் பகுதியிலிருந்து தொடங்கும்படி கேட்கலாம். அதிகாலையில் திறக்கும் சாப்பாட்டுக்கடைகள் அங்கேதான் இருக்கின்றன, தேவையும் அந்த நேரத்தில்தான் அதிகம். தம்பி வரைவை எழுதித் தந்தால், தமிழிலும் சிங்களத்திலும் தட்டச்சுச் செய்து தருகிறேன். அடுத்த பரிசோதனைக்காக அப்பாவை மீண்டும் அழைத்து வரும்போது அந்த வரிசையிலுள்ள கடைக்காரர்களிடம் நேரில் போய்க் கையொப்பம் கேட்கிறேன். பம்பலப்பிட்டி ஐயா முதலாவதாகக் கையொப்பமிட்டுத் தந்தால் மற்றவர்களிடம் பேசுவது எளிதாக இருக்கும்.