அமெரிக்க வரலாற்றின் ஃபிரான்டியர்: 'படர்முனை' என்று ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க வரலாற்றில் வரும் ஃபிரான்டியர் (frontier) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல் எது என்று நம் குழுவில் பேசி வருகிறோம். நான் சொன்ன 'படர்முனை' பற்றி எழுந்த கேள்விகளுக்கும், நண்பர்கள் தந்த மற்றப் பரிந்துரைகளுக்கும் இது என் பதில்.

> 'எல்லைப்புறம்' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எல்லைப்புறம் நல்ல சொல். வடமேற்கு எல்லைப்புற மாகாணம் என்று நம் நாளேடுகள் பல ஆண்டுகள் எழுதின. கான் அப்துல் கஃபார் கானை எல்லை காந்தி என்று மக்கள் அன்போடு அழைத்தார்கள். அங்கே பிரிட்டிஷ் பேரரசு, தன் ஆட்சி முடிகிற இடத்தில் அரண் கட்டி, படையை நிறுத்தி, அந்தப் பக்கம் வேறொருவர் இருக்கிறார் என்பதை மனத்தில் வைத்துக் காவல் காத்தது. அமெரிக்கர்கள் ஃபிரான்டியர் என்று சொன்னது அப்படி நிலைத்து நிற்கும் கோடு அல்ல. அது ஆண்டுதோறும் மேற்கே போய்க்கொண்டே இருந்தது.

இந்த வேறுபாட்டைச் சொன்னவரே அமெரிக்க வரலாற்றாசிரியர் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர்தான். 1893 ஜூலை 12 அன்று, சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த வரலாற்றாசிரியர் கூட்டத்தில் அவர் தம் புகழ்பெற்ற கட்டுரையை வாசித்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவருக்கு அப்போது வயது 31. ஐரோப்பாவில் எல்லை என்பது மக்கள் அடர்ந்த நிலங்களுக்கு நடுவே அரண் செய்யப்பட்ட கோடு; அமெரிக்காவிலோ அது குடியேற்ற அலையின் வெளிவிளிம்பு என்றார் அவர். அமெரிக்கரின் தனிமனிதப் போக்கும் மக்களாட்சிப் பற்றும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவை அல்ல, அந்த விளிம்பில் காடு திருத்தி வாழ்ந்த வாழ்க்கையில் உருவானவை என்பது அவருடைய வாதம். அதைச் சொன்ன அதே கட்டுரையில், அந்த விளிம்பு மறைந்துவிட்டது என்றும் அறிவித்தார். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை, இனி அப்படி ஒரு கோட்டை வரைபடத்தில் காட்ட முடியாது என்று எழுதியிருந்தது அவருக்கு ஆதாரம்.

கலைச்சொல்லைத் தேடுமுன் இந்தக் கணக்கெடுப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு சதுர மைலுக்கு இரண்டு பேராவது குடியிருந்தால் அது குடியேறிய நிலம். அதற்குக் குறைந்தால் குடியேறாத நிலம். இரண்டும் சந்திக்கும் கோடுதான் ஃபிரான்டியர். ஆனால் இந்த 'பேர்' யார்? 'வரி செலுத்தாத இந்தியர்கள்' என்று சொல்லிப் பழங்குடியினரைப் பிரதிநிதித்துவக் கணக்கிலிருந்து அமெரிக்க அரசியலமைப்பே விலக்கி வைத்திருந்தது. டகோட்டாவின் சமவெளியில் லக்கோட்டா பழங்குடி மக்கள் எத்தனை தலைமுறையாக வாழ்ந்திருந்தாலும், குடியேற்றத்தை அளக்கும் அந்தக் கோட்டின் பார்வையில் அவர்களுடைய மண் குடியேறாத நிலம்தான். கோடு மறைந்ததாகச் சொல்லப்பட்ட அதே 1890-இன் டிசம்பர் 29 அன்று, வூண்டட் நீ ஓடைக்கரையில் லக்கோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் அமெரிக்கக் குதிரைப்படை சுட்டுக் கொன்றது.

இதனால்தான் 'வெறுநில விளிம்பு' என்ற பரிந்துரையை நான் உறுதியாக எதிர்க்கிறேன். பரிந்துரைத்த ஐயா, டர்னரின் கட்டுரையில் வரும் விலையில்லா நிலம் என்ற கருத்தைப் பின்பற்றித்தான் அதைச் சொன்னார் என்பது புரிகிறது. ஆனால் பதிவேட்டில் புறம்போக்கு என்று எழுதப்பட்ட நிலத்தில் ஊரார் காலங்காலமாக ஆடுமாடு மேய்த்து, விறகு பொறுக்கி வாழ்வதை அறிந்தவர்கள் நாம். ஆள் இல்லாத நிலம் என்று ஒரு அரசாங்கம் சொன்னதை நம் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டால், பிறகு எந்த ஆய்வாளர் வந்து மறுத்தாலும் சொல் அவரைத் தோற்கடித்துக்கொண்டே இருக்கும்.

ஓக்லஹோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1889 ஏப்ரல் 22, நண்பகல். குதிரைகளிலும் வண்டிகளிலும் கால்நடையாகவும் ஆயிரக்கணக்கானோர் கோட்டின் ஓரத்தில் காத்து நிற்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு அடையாளம் கொடுத்ததும் பாய்ந்து ஓடி, பிடித்த இடத்தில் முளை அடித்து, 160 ஏக்கர் தமது என்று பதிவு செய்யப் போகிறார்கள். பொழுது சாய்வதற்குள் கத்ரி என்ற ஊர் கூடாரங்களால் நிறைந்துவிட்டது. அந்த நிலத்துக்கு அரசாங்க ஏடுகள் வைத்த பெயர் 'ஒதுக்கப்படாத நிலங்கள்'. 1866 உடன்படிக்கைகளின்படி, வேறு பழங்குடிகளைக் குடியமர்த்துவதற்காக என்று கிரீக், செமினோல் மக்களிடமிருந்து பெறப்பட்ட நிலம் அது. யாருக்கும் ஒதுக்காமல் வைத்திருந்ததாலேயே அது யாருடையதும் அல்ல என்று ஆகிவிட்டது.

'குடியேற்ற எல்லை' என்ற பரிந்துரை பொருளளவில் நெருக்கமானது. ஆனால் இலங்கை அரசு கிழக்கில் சிங்களரைக் குடியமர்த்திய கல்லோயாத் திட்டத்துக்குப் பிந்தைய ஈழத்து அரசியலில் குடியேற்றம் என்ற சொல் சுமக்கும் பாரத்தை நம் ஈழத்து நண்பர் நினைவூட்டினார். அதை நான் ஏற்கிறேன். அந்தச் சொல் தன் வேலையை அங்கே செய்யட்டும்.

என் பரிந்துரை: படர்முனை.

முனை என்றால் நுனி. பழந்தமிழில் அது போர்க்களத்தையும் பகைப்புலத்தையும் குறித்தது. இன்றும் போர்முனை என்கிறோம். அமெரிக்க மேற்கில் ஒரு சமூகத்தின் நுனி எதுவோ, அதுவே இன்னொரு சமூகத்துக்குப் போர்க்களமாக இருந்தது. 'நகர்முனை' என்றும் யோசித்தேன். பட்டணத்தின் ஓரம் என்று படிக்கப்பட்டுவிடும். படர்முனை வினைத்தொகை. படர்ந்த முனை, படர்கின்ற முனை, படரும் முனை என மூன்று காலமும் அதில் அடங்கும். அப்பலேச்சிய மலைகளைத் தாண்டி, மிசிசிப்பியைக் கடந்து, ராக்கி மலைகள் வரை போன ஒன்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இலக்கண வடிவம் எனக்குத் தெரியவில்லை.

தொல்காப்பியர் 'படரே உள்ளல் செலவும் ஆகும்' என்கிறார். உள்ளல் என்றால் நினைத்தல், செலவு என்றால் செல்லுதல். எனக்கு இந்த நூற்பா மிகவும் உதவியது. ஃபிரான்டியர் நிலத்தின் மேல் நடந்த செலவு மட்டுமல்ல, ஒரு நாட்டின் நினைப்பும்கூட. நிலம் தீர்ந்த பிறகும் நினைப்பு தீரவில்லை. டர்னர் கட்டுரை வாசித்த அதே ஆண்டில், கண்காட்சித் திடலுக்குப் பக்கத்திலேயே பஃபலோ பில் தம் குதிரை வீரர்களையும் பழங்குடி நடிகர்களையும் கொண்டு மேற்கைக் காட்சியாக நடத்திக்கொண்டிருந்தார். 1945-இல் அமெரிக்க அரசின் அறிவியல் ஆலோசகர் வன்னிவர் புஷ் அறிவியலையே முடிவில்லாத படர்முனை என்று தம் அறிக்கையின் தலைப்பில் வைத்தார். 1960-இல் லாஸ் ஏஞ்சலஸில் அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றிய கென்னடி, நாம் நிற்பது புதிய படர்முனையில் என்றார். இந்த இடங்களிலெல்லாம் எல்லைப்புறம் என்று போட்டுப் பாருங்கள், காவல் சாவடிதான் கண்முன் நிற்கிறது.

> கொடி படர்வது இயற்கை. அரசும் படையும் செய்ததை இயற்கை போலக் காட்டாதா இந்தச் சொல்?

நம் குழுவின் அம்மையார் ஒருவர் எழுப்பிய இந்த மறுப்பு வலுவானது. 1785 நில ஆணைப்படி அளவுச் சங்கிலியைக் கொண்டு மண்ணைச் சதுரங்களாக வெட்டினார்கள். 1830 சட்டத்தால் செரோக்கி பழங்குடி மக்களை ஊரைவிட்டு விரட்டினார்கள். 1862 சட்டத்தால் குடியேறிகளுக்கு நிலம் கொடுத்தார்கள். இவற்றில் எதுவும் தானாக நடக்கவில்லை. ஆனாலும் 'நெருக்குமுனை' என்று அவர் தரும் மாற்றுச் சொல்லில், டர்னர் சொன்னது மறைந்து, டர்னருக்கு நாம் சொல்லும் பதில் மட்டுமே நிற்கிறது. மாணவர் முதலில் அவர் கருதியதை அறிய வேண்டும், பிறகு மறுக்க வேண்டும். கலைச்சொல் இரண்டுக்கும் இடம் தர வேண்டும். தானாகப் படர்ந்தது என்ற தோற்றத்தை முனை என்ற சொல்லின் போர்ப்பொருள் ஓரளவு தடுக்கும் என்று நம்புகிறேன். படர் என்பதற்குத் துன்பம் என்ற பொருளும் உண்டு என்பதைத் திருக்குறளின் 'படர்மெலிந்திரங்கல்' அதிகாரம் படித்தவர்கள் அறிவார்கள்.

கிளைச்சொற்கள்: டர்னருடையது படர்முனைக் கோட்பாடு, கணக்கெடுப்பில் வருவது படர்முனைக் கோடு, அங்கே வாழ்ந்தவர் படர்முனையர். செயற்கை நுண்ணறிவில் மிக முன்னேறிய மாதிரிகளை இப்போது ஃபிரான்டியர் மாடல் என்கிறார்களே, அதற்கு முன்வரிசை மாதிரி போதும். அங்கே யார் முந்துகிறார்கள் என்பதுதான் பேச்சு. பயனியர் என்பதற்கு முன்னோடி என்றே இதுவரை எழுதி வருகிறோம். படர்முனையில் முதலில் போய் இறங்கிய உழவர் குடும்பத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா, 'முன்குடியர்' என்று பிரித்துச் சொல்லலாமா என்பதில் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்