வேலையை விடுறதுக்கு முன்னாடி என்னென்ன ரெடி பண்ணணும்?

வணக்கம் மக்களே, துணிப்பை தைச்சு கடைகளுக்கு சப்ளை பண்ணலாம்னு ஒரு ஐடியா, மெஷின் வாங்க காசு சேர்த்துட்டேன், அடுத்த மாசம் வேலையை விட்டுடலாமா? வேற என்ன யோசிக்கணும்?

—

மெஷின் காசு மட்டும் பத்தாது பாஸ். துணிக்காரன் கையில காசு கேப்பான், கடைக்காரர் 45 நாள் கழிச்சுதான் தருவார், அந்த 45 நாளும் துணி, வாடகை, கரண்ட், கூலி எல்லாம் உங்க பாக்கெட்லருந்துதான் போகும். நான் மாட்டுனதே இங்கதான், ஆர்டர் குவிஞ்சு கிடந்துச்சு, கையில சல்லிக்காசு இல்ல.

—

தம்பி, முதல்ல கணக்கு போடுப்பா. வாடகை மாதிரி வித்தாலும் விக்காட்டியும் வர்ற செலவு மாசம் 20,000னு வச்சுக்க, துணி நூல் கூலி போக ஒரு பைக்கு 40 நிக்குதுன்னா 500 பை வித்தாத்தான் கையைக் கடிக்காது, 501வது பையிலருந்துதான் லாபம். உன் சம்பளத்தையும் அந்த 20,000க்குள்ள சேர்த்துக்க, நிறைய பேர் அதை விட்டுட்டு லாபம் லாபம்னு குதிப்பாங்க. அப்புறம் தொழிலுக்கு தனி பேங்க் அக்கவுண்ட், இதுல மட்டும் சோம்பேறித்தனம் வேணாம்.

—

வேலையை இப்பவே ஏன் விடணும்? லீவு நாள்ல 50 பை தைச்சு நாலு கடையில குடுத்துப் பாருங்க, திரும்ப கேக்குறாங்களான்னு தெரிஞ்சிடும். சொந்தக்காரங்க வாங்குறதை கணக்குல சேக்காதீங்க (பாசத்துல வாங்குவாங்க!)

—

அண்ணா, சம்பளத்தை சேர்க்கவே இல்ல, இப்ப போட்டா 800 பைக்கு மேல வருது. ராஜினாமா லெட்டர் டிராஃப்ட்லயே இருக்கட்டும்.