9ஆவது தெருச் சந்தையில் பீன்ஸ் ஒடித்த கதை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இத்தாலியன் மார்க்கெட் என்று ஒரு தெருச் சந்தை உண்டு, நான் அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவுக்கு வந்த புதிது. ஊரின் தெற்கே 9ஆவது தெருவில் நடைபாதை நெடுகத் தகரப் பந்தல், அதன் கீழே மேடை கட்டிக் காய் குவித்திருந்தார்கள். பார்த்ததும் எங்கள் ஊர் வாரச்சந்தை ஞாபகம். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்தே வளர்ந்த கை சும்மா இருக்குமா? ஒரு கடையில் பீன்ஸை எடுத்து ஒடித்தேன். டப்பென்று ஒடிந்தது, நல்ல பிஞ்சு. இரண்டாவதில் கை வைப்பதற்குள் கடைக்காரப் பெரியவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அங்கே பல கடைகளில் முன்னால் அடுக்கியிருப்பது பார்வைக்குத்தான். எவ்வளவு வேண்டும் என்று சொன்னால் அவர்களே அள்ளிப் பையில் போட்டுத் தருவார்கள். அன்றைக்கு வாங்கிய தக்காளியில் அடியில் நாலு நசுங்கல். சரி, ரசத்துக்கு ஆச்சு.

அப்புறம் ஒரு ஜனவரியில் போனேன். தெருவோரம் இரும்புப் பீப்பாயில் மரப்பெட்டிகளை உடைத்துப் போட்டு எரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். திட்டியவரும் அதில் இருந்தாரா தெரியாது, எல்லாரும் குல்லாவுக்குள். கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்கள். பேச்சு 'ராக்கி' படத்துக்குப் போனது. 1976இல் வந்த குத்துச்சண்டைப் படம். இந்தத் தெருவில் ஓடிவரும் கதாநாயகனுக்கு ஒரு கடைக்காரர் ஆரஞ்சுப் பழத்தை வீசுவாரே, அது திட்டமிடாமல் நடந்ததாகச் சொல்வார்கள். வீசியவர் அங்கே நின்ற மூன்று பேருக்குமே நெருங்கிய சொந்தமாம்!

சீஸ் பிடிக்குமென்றால் 1939இல் தொடங்கிய டி புரூனோ கடைக்குப் போங்கள், ருசி பார்க்கத் தருவார்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், பல கடைகள் பூட்டிக் கிடக்கும்.

பெயர்தான் இத்தாலியன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியர்கள் வந்து குடியேறி வளர்த்த சந்தை அது. பிறகு வியட்நாமியர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின் மெக்சிகோவின் புவெப்லா பக்கத்து ஆட்கள். தெருவின் தென்கோடியில் இப்போது காய்ந்த மிளகாய் வாசனைதான் மூக்கில் ஏறுகிறது. அங்கே ஒரு மெக்சிகோ கடையில் ஓட்டோடு புளி! அதைத் தொடவில்லை, பட்டால்தானே புத்தி வரும். விரலால் காட்டினேன். "தமரிந்தோ," என்று சிரித்தபடி ஒரு பை நிறையப் போட்டார் கடைக்கார அம்மா. அவர்கள் ஊரில் புளி என்றால் பானகம் மாதிரிக் குளிர்ந்த பானம். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைப்போம் என்று கையாலும் வாயாலும் விளக்கினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "சர்க்கரை எவ்வளவு?" என்றார்.