13-ஆம் பிக்குக்கு இவ்வளவு விலையா? என்பிஏ கூடைப்பந்தில் நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸின் 2025 டிராஃப்ட் பற்றி யாராவது எனக்குப் புரியவையுங்கள்

குன்னூர்_பெலிக்கன்:

இன்று காலை ஐந்தரைக்கே என் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து, உடம்புக்கு முடியவில்லையா என்று அம்மா கஷாயத்தோடு வந்துவிட்டார்கள். டிராஃப்ட் என்றால் டீம்கள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களை எடுப்பது, அந்த ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு பிக், என்று அவர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் டல்லஸ் கூப்பர் ஃப்ளாக்கை எடுத்துவிட்டது. வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்பை வைத்துக்கொண்டு, எடுக்கும் வரிசையை முடிவு செய்கிற லாட்டரி குலுக்கலில் முதலிடம் பிடித்த டீம் அது. நாம் 21 வெற்றி, 61 தோல்வி என்று கடைசியிலிருந்து நான்காவதாக முடித்தும் ஏழாவது பிக்குக்குச் சறுக்கினோம். சரி, அது தலையெழுத்து, யாரைக் குறை சொல்ல.

ஏழாவதில் ஜெரமையா ஃபியர்ஸ். ஓக்லஹோமா பையன், 18 வயது. நல்ல வேகம், கூட்டத்துக்குள் புகுந்து போகத் தெரிகிறது. மூன்று புள்ளி ஷாட் 28 விழுக்காடுதான், பந்தையும் நிறைய இழக்கிறான், ஆனால் அந்த வயதில் அதெல்லாம் இருக்கும். அதில் எனக்குப் புகார் இல்லை. கஷாயத்தைக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போர்த்திக்கொண்டேன்.

அப்புறம்தான் வயிற்றெரிச்சல். அட்லாண்டாவிடமிருந்து 13-ஐ வாங்கி, மேரிலாண்டு சென்டர் டெரிக் குயீனை எடுத்தார்கள். அதற்கு நாம் கொடுத்தது 23-ஆம் பிக், கூடவே 2026 முதல் ரவுண்டு பிக். அதுவும் சாதாரணமாக இல்லை. மில்வாக்கியோடு பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு இருந்தது, அதனால் நம்முடைய பிக், மில்வாக்கியின் பிக், இந்த இரண்டில் எது மேலே வருகிறதோ அது அட்லாண்டாவுக்கு, மற்றது மில்வாக்கிக்கு. முதல் நான்குக்குள் வந்தால் நமக்கு என்கிற மாதிரி ஒரு நிபந்தனையாவது போட்டிருக்கலாம், அதுவும் கிடையாது. பத்து இடம் மேலே ஏறுவதற்கு இவ்வளவா? குயீனைக் கல்லூரி ஆட்டங்களில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இதற்கு ஒரு நியாயம் சொல்லுங்கள். நிஜமாகவே கேட்கிறேன், சண்டைக்கு இல்லை.

கேத்தி_கேரட்:

தம்பி, நீ பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறாய். மீதி இன்னும் மோசம்.

அந்த 23 எங்கிருந்து வந்தது? பிப்ரவரியில் பிராண்டன் இங்கிரமை டொராண்டோவுக்கு அனுப்பினோமே, அதில் வந்தவற்றில் முக்கியமானது இண்டியானாவின் 2026 முதல் ரவுண்டு பிக். முதல் நான்குக்குள் விழுந்தால் மட்டும் அது இண்டியானாவிடமே நிற்கும். அந்தப் பிக்கை இந்த மாதம் ஃபைனல்ஸ் நடந்துகொண்டிருந்தபோதே இண்டியானாவுக்கே திருப்பிக் கொடுத்து இந்த 23-ஐ வாங்கினார்கள். ஃபைனல்ஸ் ஆடுகிற டீம் அடுத்த வருஷமும் நன்றாகத்தான் ஆடும், அவர்கள் பிக் கடைசிப் பக்கம்தான் போகும் என்ற கணக்கு. அன்றைக்கு அது தப்பான கணக்கு இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சில நாளிலேயே ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டத்தில் இண்டியானாவின் ஹாலிபர்டனுக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கிற அகிலிஸ் தசைநார் கிழிந்தது. இப்போது அந்த டீம் அடுத்த சீசனில் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? மில்வாக்கியில் லில்லார்டுக்கு ஏப்ரலில் அதே தசைநார் போனது, நம் டிஜோன்டே மரேவுக்கு ஜனவரியிலேயே போனது. மூன்று டீமும் ஒரே காயத்தில் மாட்டிக்கொண்டிருக்க, அந்த மூன்று டீமின் 2026 பிக்கையும் விட்டுக்கொடுத்தவர்கள் நாம் மட்டும்தான்.

எங்கள் பக்கம் கேரட் தோட்டத்தில் நிற்கும்போதே விலை பேசி முன்பணம் வாங்குவது உண்டு. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், மருந்தடிக்கணும் என்று அவசரத்துக்குச் செய்வதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "மேட்டுப்பாளையம் மண்டியில் விலை எவ்வளவு ஏறினாலும் எனக்கு ஒரு பைசா கூடுதல் வேண்டாம், அதோடு பக்கத்துத் தோட்டம் என்னுடையதைவிட நன்றாக விளைந்தால் நீங்கள் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எவனாவது எழுதிக் கொடுப்பானா? நாம் கொடுத்திருக்கிறோம். குயீன் நல்லவனா கெட்டவனா என்ற பேச்சே எனக்கு அப்புறம்தான்.

2026-இல் வரப்போகிறவர்களின் பெயரையாவது பாருங்கள். டிபான்சா, பீட்டர்சன், முன்னாள் ஆட்டக்காரர் கார்லோஸ் பூசரின் மகன் கேமரன். இரண்டு வருஷமாக எல்லோரும் அந்த வருஷத்துப் பையன்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்த வருஷம் முதல் ரவுண்டில் ஒன்றுமே கிடையாது.

கோத்தகிரி_விசில்:

நான் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் விலையை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இங்கே எல்லோரும் ட்ரேடையே திட்டி அந்தப் பையன் என்னமோ ஒன்றுக்கும் ஆகாதவன் மாதிரி ஆக்கிவிடுவீர்கள் போலிருக்கிறது.

குயீன் ஆடியதை மார்ச்சில் பார்த்தேன். கொலராடோ ஸ்டேட்டோடு கடைசி நொடி, மேரிலாண்டு ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்தை வாங்கி, இடது பக்கம் இரண்டு தட்டு தட்டி, சாய்ந்தபடியே போர்டில் அடித்துப் போட்டான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படிக் கால் வைப்பது லேசு இல்லை. முதல் வருஷத்திலேயே 16.5 புள்ளி, 9 ரீபவுண்டு எடுத்து, பிக் டென் என்கிற கல்லூரி லீகில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற பட்டத்தையும் வாங்கியவன். என்னை இழுத்தது புள்ளிகள் இல்லை, பாஸ்தான். ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் பந்தை வைத்துக்கொண்டு, வளையத்தை நோக்கி வெட்டி ஓடுகிறவனுக்காகக் காத்திருந்து கொடுக்கிறான். பெரிய ஆளுக்கு அந்தப் பொறுமை வராது. என் பிள்ளைகளில் உயரமானவளுக்கு இதைத்தான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பந்து கையில் வந்ததும் சூடான அடையைத் தொட்ட மாதிரி உதறிவிடுகிறாள்.

குறை இல்லாமல் இல்லை. தூரத்து ஷாட் விழவில்லை, பக்கவாட்டில் கால் நகர்வதில்லை, வளையத்தைக் காக்கத் துள்ளலும் போதாது. நம் ஸயான் வில்லியம்சனும் அவனும் ஒன்றாக நின்றால் பின்னால் யார் தடுப்பது? ஈவ் மிஸ்ஸி இருக்கிறான், போன வருஷம் 21-இல் எடுத்து சிறந்த புதுமுகங்களுக்கான ஆல்-ரூக்கி இரண்டாவது டீமுக்கே போனவன். அவனோடு சேர்த்து ஆடவைத்தால் ஒருவேளை நடக்கும். ஆனால் மிஸ்ஸி, குயீன், ஸயான் மூவருமே தூரத்திலிருந்து போடாதவர்கள், உள்ளே நெரிசல் ஆகிவிடும். ட்ரே மர்ஃபி மட்டும் எத்தனை போடுவான்.

இன்னொன்று, தயவுசெய்து யாரும் டென்வரின் யோகிச்சை இழுக்காதீர்கள். பாஸ் கொடுக்கிற குண்டுப் பையன் எவன் வந்தாலும் அந்தப் பெயர்தான். 2014-இல் 41-ஆவதாகப் போன ஆள் மூன்று முறை எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர், ஆவது வழக்கமாக நடக்கிற காரியம் இல்லை.

பழைய_பிஸ்டன்:

அருவங்காட்டில் கேபிள் வந்த புதிதில் ஜோ டுமார்ஸ் ஆடுவதைப் பார்த்து டெட்ராய்ட் பக்கம் போனவன் நான். 1989 ஃபைனல்ஸ் எம்விபி. சத்தம் போடாமல் ஆடுகிற மனுஷன். இந்த ஏப்ரலில் அவர் நியூ ஆர்லியன்ஸ் நிர்வாகத்துக்கு வந்ததும் எனக்கு சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தது. ஏனென்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

2003-இல் டெட்ராய்ட்டுக்கு இரண்டாவது பிக். லெப்ரான் போய்விட்டார். டுமார்ஸ் எடுத்தது டார்கோ மிலிசிச். அடுத்த மூன்று பிக்கில் போனவர்கள் கார்மெலோ, பாஷ், வேட். மூவரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ஆனால் அதே டுமார்ஸ் கட்டிய டீம்தான் மறுவருஷமே, 2004-இல், லேக்கர்ஸை ஐந்தே ஆட்டத்தில் கவிழ்த்துக் கோப்பை வாங்கியது. சான்சி பில்லப்ஸ், பென் வாலஸ் எல்லாம் வேறு டீம்கள் பெரிதாக மதிக்காமல் விட்ட ஆட்கள். அந்த மனுஷனுக்கு ஆளைப் பார்க்கிற கண் உண்டு, சில நேரம் அந்தக் கண் ஒருவன் மேல் விழுந்துவிட்டால் சுற்றி இருப்பது தெரியாது. குயீன் விஷயத்தில் நடந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 13-இல் அவன் இருக்கிறான் என்றதும் விலையே கேட்காமல் வாங்கிவிட்டார்.

டிராஃப்ட் ராத்திரியில் தீர்ப்பு சொல்வது ஆபத்துதான். 1996-இல் கோபி பிரையன்ட்டை 13-இல் எடுத்து விளாடே டிவாட்சுக்கு மாற்றிய ஷார்லட்டை அன்று யாரும் கல்லால் அடிக்கவில்லை. ஆனால் கேரட்காரர் சொல்வது வேறு விஷயம். ஆள் எப்படி ஆவான் என்பதற்குக் காத்திருக்கலாம், கொடுத்த விலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அது இன்றே தெரிகிறது. 2013-இல் புரூக்ளின் தன் பிக்குகளைப் பாஸ்டனுக்கு அள்ளிக் கொடுத்ததில்தான் ஜெய்லன் பிரவுனும் டேட்டமும் வந்தார்கள். அன்று புரூக்ளினும் நாம் ஜெயிக்கப்போகிற டீம், பிக்கெல்லாம் கடைசியில்தானே விழும் என்றுதான் கொடுத்தது. அவர்களிடமாவது கார்னெட், பியர்ஸ் என்று பெயர்கள் இருந்தன. 21 ஆட்டம் ஜெயித்த டீமுக்கு அந்த தைரியம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

குன்னூர்_பெலிக்கன்:

விசில் அக்கா சொன்ன பிறகு அந்தக் கடைசி ஷாட்டைத் தேடிப் பார்த்தேன், நாலு தடவை. கோபம் கொஞ்சம் இறங்கியது, பொய் சொல்ல மாட்டேன். அப்படியே கேரட் அண்ணன் எழுதியதை மறுபடி படித்தேன், மறுபடி ஏறிவிட்டது.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஜோர்டான் பூலை வாங்கிய ட்ரேடையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் இவர்கள் அடுத்த வருஷமே ஜெயிக்க நினைக்கிறார்கள். மெக்காலம் ஒப்பந்தம் ஒரு வருஷத்தில் முடிந்திருக்கும், அவரையும் ஓலினிக்கையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து, இரண்டு வருஷ சம்பளம் பாக்கி இருக்கிற பூலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் எடுத்த இரண்டு பிக்கும் சின்னப் பையன்கள், அவர்கள் தேற இரண்டு மூன்று வருஷம் ஆகும். தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டிவிட்டு அடுத்த வாரமே ஃபேக்டரி வண்டிக்குக் கொழுந்து கேட்டால் எங்கே போவது? கவாத்து என்றால் கவாத்து, பறிப்பு என்றால் பறிப்பு, ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்.

கேத்தி_கேரட்:

அதேதான். இன்னும் ஒன்று, 13 வரைக்கும் யாரும் அவனை எடுக்கவில்லை என்பதையும் யோசி. கொஞ்சம் பொறுத்திருந்தால் 15, 16-இல் ஏறியிருக்கலாமோ என்று கேட்பார்கள், அது எனக்குத் தெரியாது, வேறு எவனாவது தூக்கியிருக்கலாம். ஆனால் பேரம் என்று ஒன்று இருக்கிறதே. இரண்டில் மேலே வருவது என்பதை இரண்டில் கீழே வருவது என்று மாற்றக் கேட்டிருக்கலாம். முதல் நான்குக்குள் வந்தால் எங்களுக்கு என்று கேட்டிருக்கலாம். எதிராளி ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்திருக்கலாம், கையில் 23 இருந்ததே. பின்னாலும் நல்ல ஆள் கிடைப்பான், ஹெர்ப் ஜோன்ஸை நாம் எடுத்தது 35-இல்.

மஞ்சூர்_மூடுபனி:

இங்கே நேற்று ராத்திரி காற்றில் கற்பூர மரம் கம்பி மேல் விழுந்து, இப்போதுதான் மின்சாரம் வந்தது. ஏழாவது யார், ஃபியர்ஸா? சந்தோஷம். மற்றதையெல்லாம் மேலே படித்தேன், அந்த 2026 பிக் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தாளில் எழுதிப் பார்த்தும் பிடிபடவில்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான், அடுத்த வருஷம் முதல் ரவுண்டில் நமக்கு ஆள் கிடையாது. அப்படியென்றால் அடுத்த ஜூனில் நான் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டாம், சரிதானே?

குன்னூர்_பெலிக்கன்:

எழுந்துதான் ஆகணும்ண்ணா. நம் பிக்கில் அட்லாண்டா யாரை எடுக்கிறது என்று பார்க்க வேண்டாமா?