கலைச்சொல் வேண்டும்: காக்ளியர் கருவிக்குப் போகும் 'வயர்லெஸ் பவர்'

நண்பர்களே,
காக்ளியர் இம்பிளாண்ட் (காது கேளாதவர்களுக்கு ஒலியை உணர்த்த உட்காதில் வைக்கும் மின்கருவி) பொருத்திய குழந்தைகளின் பெற்றோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'வயர்லெஸ் பவர்' மட்டும் பாக்கி. பாடநூல்படி பவர் என்றால் திறன். 'கம்பியில்லாத் திறன்' என்றால் யாருக்குப் புரியும்? 'கம்பியில்லா மின்னேற்றம்' போதுமா?
– ம.

> கம்பியில்லா மின்னேற்றம்

வேண்டாம். ஏறினால் எதிலாவது தங்க வேண்டும்; இந்தக் கருவியின் உட்பகுதியில் பேட்டரியே கிடையாது. காதுக்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டி நிற்கும் 'காயில்' (coil, கம்பிச்சுருள்), 5, 12 மெகாஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்ணில் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) காந்தப்புலத்தை எழுப்புகிறது. தோலுக்கடியில் உள்ள சுருளில் அது மின்சாரத்தைத் தூண்டுகிறது. ஒலித் தகவலும் அதே அலையில்தான் போகிறது. காயில் நழுவினால் அந்தக் கணமே சத்தம் நிற்கும். 'ஏற்றம்' என்று படித்தவர், ராத்திரி சார்ஜ் ஏறியிருக்கும் என்று வெளிக்கருவியைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக்கூடும். வலிக்காகத் தண்டுவடத்தில் வைக்கும் கருவிகள் சிலவற்றில் உள்ளே பேட்டரி உண்டு. அங்கே மின்னேற்றம் சரி.
– இரா.

அப்படியானால் 'தோலூடு மின்னூட்டல்'. காண் – காட்டு, உண் – ஊட்டு: பிறவினை. ஊட்டுவது நின்றால் வாய் காலி, இரா. சொன்னது அப்படியே பொருந்துகிறது. 'ஊடு' என்றதும் ஊடல் நினைவுக்கு வருகிறவர்கள் 'ஊடுருவல்', 'ஊடகம்' எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதுதான்.
– புலவர் செ.

ஐயா, உங்கட பாடநூலில் மின்னூட்டம் என்பதே 'சார்ஜ்' அல்லவா? சுற்றிச் சுற்றி அங்கேயே வந்துவிட்டீர்கள். இலங்கையில் நாங்கள் பவரை 'வலு' என்போம். ஆனால் 'வலுவூட்டல்' என்று எழுதினால் பெண்கள் வலுவூட்டல் கருத்தரங்கு என்று நினைப்பார்கள். ஒத்ததிர்வுக்கு (ரெசனன்ஸ், ஒரே அதிர்வெண்ணில் இசைந்து அதிர்வது) எங்கட சொல் 'பரிவு'. இரண்டு சுருளும் ஒன்றுக்கொன்று பரிவது அழகுதானே!
– யோ.

பரிவு இருக்கட்டும். பெற்றோர் வாயில் வருவது 'காயில்', 'மிஷின்', 'வயர்' மூன்றுதான். சத்தம் நின்றால் என்ன செய்வது என்பதை முதலில் எழுதுங்கள்: காயில் சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறதா, அடியில் முடி சேர்ந்து விலகியிருக்கிறதா பாருங்கள். அடுத்து பேட்டரி. அதன்பின் காயில் வயரை மாற்றுங்கள். மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. காயில் அடிக்கடி விழுகிறது என்று நீங்களே பலமான காந்தம் போடாதீர்கள், தோல் சிவந்து புண்ணாகும்.
– கேட்பியல் (ஆடியாலஜி), வே.

சரி. உரையில் 'தோல் வழியே மின்சாரம் ஊட்டுதல்', அடைப்புக்குறியில் 'வயர்லெஸ் பவர்'. நால்வர் சம்மதம்.
– ம.

நான் அந்த நால்வரில் இல்லை. 'தோல் வழியே' களிம்புக்குச் சொல்வது.
– செ.

நானும் இல்லை. தோலைக் கடப்பது காந்தப்புலம். மின்சாரம் உள்ளே போனபின் பிறக்கிறது. 'தோல் வழியே மின்சாரம்' என்று அச்சடித்தால், குழந்தைக்கு ஷாக் அடிக்குமா என்றுதான் முதல் போன் வரும்.
– இரா.

அந்தப் பக்கம் காலையிலேயே அச்சகத்துக்குப் போய்விட்டது, இரா. ஒரு அடிக்குறிப்புக்கு இடம் இருக்கிறது, இரண்டு வரி.
– ம.