சென்னையில் மாலைப் பொழுது: குமரி மாவட்டத்தார் வழிகாட்டுங்கள்

தக்கலை மாணவி:
வணக்கம். தாம்பரத்தில் உள்ள ஒரு கல்லூரியில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறேன். இரவு எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும் தெருவில் வளர்ந்த எனக்கு, வார இறுதி மாலைகளில் எங்கே பொருள் வாங்கலாம், எங்கே உண்ணலாம், எப்போது விடுதி திரும்புவது நல்லது என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

நாகர்கோவில் அண்ணன்:
தங்கச்சி, துணிமணிக்கு மாம்பலம் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவே போதும். தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலில் நேராக வந்து இறங்கலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் போக வேண்டாம். அருகிலுள்ள பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை அமைத்திருப்பதால், எதுவும் வாங்காமல் உலாவுவதற்கும் அது ஏற்ற இடம்.

குளச்சல் அக்கா:
உணவுக்குக் கடற்கரை நிலையம் வரை செல்லுங்கள். அருகிலுள்ள பர்மா பஜார் பகுதியில் மாலையில் அத்தோ கடைகள் இருக்கும். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அந்த உணவை, நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிநீர் சேர்த்துக் கையால் பிசைந்து, வாழைத்தண்டு சூப்புடன் தருவார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உண்டு வளர்ந்த நம் நாக்குக்கு அந்தப் புளிப்பும் காரமும் உடனே பிடித்துவிடும். தாம்பரம் செல்லும் இரயில் அங்கிருந்தே புறப்படும். ஆயினும் ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள், துணையின்றிச் செல்ல வேண்டாம்.

தக்கலை மாணவி:
மிக்க நன்றி அக்கா. இந்தச் சனிக்கிழமையே அறைத்தோழியுடன் செல்கிறேன்.